வாடகைப் பெரியப்பா

அத்தியாயம் ஒன்பது

செல்வநாயகம் அன்று விடிய எழும்பிச் செய்த முதல் வேலை, தனக்கு எந்த விதத்திலும் உறவில்லாத ஒரு செத்த மனிசனுக்கு முகம் துடைத்துவிட்டது.

பழைய பெனியன் துண்டை நனைத்து, கதிரையில் ஏறி நின்று, கண்ணாடிச் சட்டத்துக்குள் இருந்த கணபதியாரின் நெற்றி, மூக்கு, மீசை என்று பக்குவமாகத் துடைத்தார். பெற்ற தகப்பனுக்கு இப்படியொரு பணிவிடையை அவர் செய்ததாக நெடுங்கேணியில் ஒருவருக்கும் ஞாபகமில்லை.

கணபதியார் இந்த வீட்டோடு வந்தவர். கோட்டும் ரையும் போட்டு, போட்டோக்காரன் பிறகு வரைந்துவிட்ட திருநீற்றோடு, பிளாஸ்ரிக் மாலைக்குள் இருந்து ஹோலை மேற்பார்வை செய்துகொண்டிருந்தார். வீட்டுச் சொந்தக்காரன் ரஜிதன், அவருடைய மகன், நோர்வேயில். மேல்மாடியை வாடகைக்குத் தரும்போது ரெலிபோனில் அவன் சொன்ன நிபந்தனை ஒன்றே ஒன்றுதான்.

"அப்பாவின்ர படத்தைக் கழட்டப்படாது அங்கிள். அந்தச் சிவத்த பல்ப் எந்த நேரமும் எரியவேணும்."

ஆக, நெடுங்கேணியில் வயலையும் ஓட்டு வீட்டையும் பூட்டிவிட்டு, செல்வநாயகம் குடும்பம் வவுனியா வைரவபுளியங்குளத்து மேல்மாடியில் குடியேறியது. நெடுங்கேணிக்கு மகள் யதுர்ஷிகாவைப் பார்க்க வந்த மூன்று மாப்பிள்ளை வீட்டார், ஒழுங்கைப் புழுதியைக் கண்டு வான் வண்டியை விட்டு இறங்கவே யோசித்தார்கள். நாலாவது ஆட்கள் இறங்கினார்கள். இறங்கி, "இஞ்சால யானை வாறதோ?" என்று கேட்டுவிட்டு ஏறிப் போனார்கள். அன்றைக்கே செல்வநாயகம் முடிவெடுத்தார். ரவுனில் வீடு வேண்டும். கட்ட வழியில்லை. கட்டினதாகச் சொல்ல வழியிருந்தது.

இன்று கனடாவிலிருந்து ஐந்தாவது ஆட்கள் வருகிறார்கள்.

"இஞ்சேருங்கோ," என்றாள் நேசமலர், குசினி வாசலில் வெங்காயக் கையோடு நின்று. "இண்டைக்கு ஒரு நாளைக்கு அந்தாளைக் கழட்டி அலுமாரிக்குள்ள வைப்பமே? ஆரெண்டு கேட்டா என்னத்தைச் சொல்லுறது?"

"கழட்டினா சுவரில வெள்ளையாச் சதுரம் தெரியும். அதோட நேசம், மாலை போட்ட படம் தொங்காத வீட்டை ஆர் சொந்த வீடெண்டு நம்புவினம்? காணி உறுதியைக் காட்டு எண்டு ஒருத்தரும் கேக்கமாட்டினம். செத்த ஆளைத்தான் பாப்பினம்."

"அப்ப மாமாவின்ர படத்தை மாட்டுங்கோவன். பெட்டிக்குள்ள கிடக்குத்தானே."

செல்வநாயகம் துண்டைப் பிழிந்தார். தகப்பனின் படம் இருப்பது உண்மைதான். இடம்பெயர்ந்த இடமெல்லாம் நேசமலர் சேலை மடிப்புக்குள் வைத்துக் காப்பாற்றிய படம். மேற்சட்டை இல்லாமல், தலையில் துவாயைக் கட்டி, உழவு மெசினைப் பிடித்தபடி சேற்றுக்குள் நின்று வாய் நிறையச் சிரிக்கிற மனிசன். தீவகத்திலிருந்து குளத்துக் குடியேற்றத்துக்கு வந்து, காடு வெட்டி, வயலாக்கி, மகனைப் படிப்பித்து உத்தியோகத்தனாக்கிய மனிசன். அந்தப் பல்லும் அந்தச் சேறும் கனடாக்காரருக்குக் காட்டக்கூடியவை அல்ல என்று மகன் எப்போதோ தீர்த்துவிட்டார்.

"கோட்டுப் போட்டவர் சும்மா தொங்கேக்க வேற ஆள் என்னத்துக்கு? கேட்டா, பெரியப்பா எண்டு சொல்லுவம். ஐயாவின்ர கூடப்பிறந்த தமையன். அவர் எழும்பி வந்து மறுப்பாரே?"

"பொய்யெல்லோ?"

"ஒரு சமாதான நீதவான் சொன்னா அது பொய்யில்லை," என்றார் செல்வநாயகம். ஆட்களின் கடுதாசிகளை மெய்யென்று உறுதிப்படுத்திக் குத்தும் அந்தப் பதவியின் றப்பர் முத்திரை அவருடைய சட்டைப் பையில்தான் எப்போதும் இருக்கும். கோயிலுக்குப் போகும்போதும்.

அடுத்த அலுவல் கீழ்வீடு. கீழ்வீட்டில் சுமித்திரா, தாதி வேலை, புருஷனோடு நெடுநாளாக வாடகைக்கு இருக்கிறாள். கலவரக் காலத்தில் பதுளைப் பக்கத்திலிருந்து வந்து வன்னியில் காலூன்றிய குடும்பத்துப் பிள்ளை. செல்வநாயகம் குடிவந்த முதல் நாளே அவளுடைய ஊரைக் கேட்டார். அவள் வவுனியா என்றாள். "அதில்லை, முந்தின ஊர்," என்றார். அவள் மறக்கவில்லை.

ஆனாலும் போன கிழமை அவளிடம்தான் படியிறங்கிப் போக வேண்டி வந்தது. அவரை வீட்டுச் சொந்தக்காரர் என்றும், தன்னை அவருடைய வாடகை ஆள் என்றும் அவள் ஒரு நாளைக்குச் சொல்லவேண்டும். அவள் கேட்ட கூலி, மேல்தட்டில் உடுப்புக் காயப்போடும் உரிமை. செல்வநாயகம் சம்மதித்தார்.

"என் பங்கை நல்லாச் செய்வேன் ஐயா," என்றாள். சொல்லும்போது அவள் சிரித்த சிரிப்பை அவர் கொஞ்சம் கவனித்திருக்கலாம்.

யதுர்ஷிகா அறைக்குள் சேலைக்கு ஊசி குத்திக்கொண்டிருந்தாள். முப்பது கடந்துவிட்டது. நெடுங்கேணியில் முன்பள்ளிப் பிள்ளைகளுக்குப் படிப்பித்த வேலையை, தகப்பன் சொன்ன ஒரு சொல்லுக்காக விட்டுவிட்டு வந்தவள். அதற்காக அவள் அழவில்லை. காரணம், கனடா மாப்பிள்ளை ஜெயந்தன்.

தரகர் இலக்கம் கொடுத்த நாளிலிருந்து இரண்டு வீட்டாருக்கும் தெரியாமல் இருவரும் கதைத்து வருகிறார்கள். பொய் சொல்லத் தெரியாத பிள்ளை, முதல் கிழமையிலேயே சொல்லிவிட்டாள், இது வாடகை வீடு என்று. "எனக்கு வீடே முக்கியம்? நீங்கள்தான் முக்கியம். அம்மாவுக்கு மட்டும் சொல்லிப்போடாதேங்கோ," என்றான் ஜெயந்தன். அந்த வசனத்தின் முதல் பாதியை அவள் பொத்திப் பொத்தி வைத்திருந்தாள். இரண்டாம் பாதியைக் கவனிக்கவில்லை.

ஐந்தாவது ஆட்கள் பின்னேரம் வந்தார்கள். பக்கத்து ரியூசனில் ஒருவர் மைக் பிடித்து இரசாயனவியல் கத்திக்கொண்டிருந்தார். வான் வந்து நின்றதும் கேற்றடியில் நின்ற சுமித்திரா தன் பங்கைத் தொடங்கினாள்.

"வாங்க வாங்க, வீட்டுக்கார ஐயா மேல இருக்காரு. நான் அவருக்கு வாடகைக்கு இருக்கிற ஆளு. அம்மா, நீங்க வந்த நேரம் ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போங்க. குசினிப் பைப்பு ஒழுகுது. எத்தனை தரம் சொல்லிட்டேன். ஐயா காதிலயே போட்டுக்கிறதில்லை. மனுசத்தன்மை இல்லாத வீட்டுக்காரர் அம்மா!"

படியில் இறங்கி வந்த செல்வநாயகம் சிரிக்கவும் முடியாமல் முறைக்கவும் முடியாமல் நின்றார். ஜெயந்தனின் தாய் கமலேஸ்வரிக்கு அது பிடித்துவிட்டது. வாடகைக்காரர் குறை சொன்னால்தானே அசல் வீட்டுக்காரர்.

"ஸ்காபரோவில எங்கட ஆக்களும் இதைத்தான் சொல்லுறவை," என்றா அவா, படியேறியபடி. "வாடகைக்கு இருக்கிறதுகளுக்கு வாய்தான்."

ஜெயந்தன் குனிந்து சப்பாத்தைக் கழற்றினான். அவனும் ஸ்காபரோவில் ஒரு நிலக்கீழ் அறையில் வாடகைக்குத்தான் இருந்தான். அது இந்தக் கதையில் ஒருவரும் கேட்காத கேள்வி.

ஹோலில் இருந்தார்கள். செல்வநாயகம் வீடு கட்டின கதையை எடுத்தார். கல் எங்கிருந்து வந்தது, சீமெந்து தட்டுப்பாட்டில் என்ன பாடு பட்டார், மேசன்மாரை எப்படி மேய்த்தார் என்று ஒரு மனிசன் கட்டாத வீட்டைக் கல்லுக்குக் கல் கட்டி முடித்தார். யதுர்ஷிகா பொரித்த பற்றிஸ் வந்தது. வாழைப்பழம் வந்தது. யதுர்ஷிகா தேத்தண்ணித் தட்டோடு வந்தாள்.

கமலேஸ்வரி பிள்ளையைப் பார்த்தா. பிடித்துவிட்டது. அது முகத்தில் தெரிந்தது. நேசமலர் சேலைத் தலைப்பால் கண்ணை ஒற்றினாள்.

பிறகு கமலேஸ்வரி மற்றப் பக்கம் திரும்பிப் படத்தைப் பார்த்தா.

"இவர் ஆர்?"

"பெரியப்பா," என்றார் செல்வநாயகம். "ஐயாவின்ர நேர் தமையன்."

அவா எழும்பிக் கிட்டப் போனா. மூக்குக் கண்ணாடியை உயர்த்தினா.

"கணபதியண்ணையோ?"

செல்வநாயகம் சட்டைப் பையிலிருந்த முத்திரையைத் தொட்டுப் பார்த்தார். ஆனால் அவாவின் முகம் மலர்ந்திருந்தது. மலர்ந்த முகத்துக்கு முன்னால் பின்வாங்கிப் பழக்கமில்லாத மனிசன் அவர்.

"ஓம், கணபதி. கணபதிப் பெரியப்பா."

"கடவுளே! எங்கட இவரின்ர சொந்தப் பெரியப்பாவின்ர மகனெல்லோ! எங்கட கலியாணத்தில பந்தலுக்கு முன்னால நிண்டு எல்லாரையும் வரவேற்றது இவர்தான். நாங்கள் கனடாவுக்குப் போன பிறகு தொடர்பே விட்டுப் போச்சு. தம்பி ஒருத்தர் வன்னிக் குடியேற்றத்துக்குப் போனவர் எண்டு இவர் சொல்லுறவர், நான் கண்டதில்லை. அந்தத் தம்பியோ உங்கட ஐயா?"

அவர் "இல்லை" என்று சொல்லியிருக்கலாம். வேறு கணபதி என்று சமாளித்திருக்கலாம். ஆனால் கமலேஸ்வரி புருஷனின் ஆட்கள் பெரிய ஆட்கள். தலைமுறை தலைமுறையாகக் கோட்டும் ரையும். அந்த வம்சத்துக்குள் ஒரு கதவு திறந்து, வாரும் என்று கூப்பிடுகிறது. சேற்றுக்குள் நின்று சிரித்த மனிசனின் மகன் உள்ளே போகாமல் இருப்பாரா?

"அவரேதான்!" என்றார் செல்வநாயகம். "பெரியப்பாவுக்கு நான் எண்டால் உயிர். அவற்ற மடியில இருந்து வளந்தனான். அவற்ற நினைவாத்தான் இந்த வீட்டையே கட்டினனான்."

ஆணியை அடித்து, அடித்த ஆணியைப் பின்பக்கத்தால் வளைத்தும் விட்டார்.

"இவ்வளவு நாளும் தெரியாமல் போச்சே," என்று கமலேஸ்வரி கதிரையில் இருந்தா. பிறகு விரலை மடித்தா. விரித்தா. மறுபடி மடித்தா. முகத்தில் இருந்த மலர்ச்சி ஒவ்வொரு இதழாக உதிர்ந்தது.

"பொறுங்கோ. உங்கட ஐயா எங்கட இவருக்குச் சகோதரம் எண்டால், நீங்கள் இவருக்கு மகன் முறை. அப்ப எங்கட ஜெயந்தனுக்கு நீங்கள் தமையன்."

"ஓம், தமையன்," என்றார் செல்வநாயகம் பெருமையாக. அவருக்கு இன்னும் விளங்கவில்லை.

நேசமலருக்கு விளங்கிவிட்டது. கையிலிருந்த தட்டு மேசையில் சத்தமாக விழுந்தது.

"தமையன்ர மகள் இவனுக்கு என்ன முறை?" என்றா கமலேஸ்வரி. "பெறாமகள். இவன் இந்தப் பிள்ளைக்குச் சித்தப்பன். சித்தப்பனுக்கோ கட்டிக் குடுக்கிறது? நல்ல வேளை, படத்தைக் கண்டன்! கணபதியண்ணை மேல இருந்து காப்பாத்திப்போட்டார்."

ரியூசன் மைக்கில் அமிலமும் காரமும் ஒன்றையொன்று நடுநிலையாக்கிக்கொண்டிருந்தன.

"அது வந்து, அக்கா," என்று நேசமலர் வாயெடுத்தாள். "உண்மையா என்னெண்டால், இந்தப் படம்..."

"நேசம்!"

அந்தக் குரலில் நாற்பது வருடத் தாம்பத்தியம் இருந்தது. நேசமலர் வாயை மூடினாள்.

யதுர்ஷிகா தட்டோடு நின்றபடி கணக்குப் பார்த்தாள். உண்மையைச் சொன்னால் அப்பா பொய்யன். வீடு பொய், வம்சம் பொய். பொய்யன் வீட்டில் இந்த மனிசி சம்பந்தம் செய்யாது. சொல்லாவிட்டால் மாப்பிள்ளை சித்தப்பா. இந்த ஹோலில் ஒரே ஒரு ஆளால்தான் இதைக் காப்பாற்ற முடியும். 'எனக்குத் தெரியும் அம்மா, அவை முதலே சொன்னவை, எனக்கு இந்தப் பிள்ளைதான் வேணும்.' அவ்வளவும் போதும். அவள் ஜெயந்தனைப் பார்த்தாள்.

ஜெயந்தன் பற்றிஸைப் பார்த்தான்.

"எனக்குக் கொஞ்சம் தண்ணி," என்று கடைசியில் எழும்பினான். குசினி வாசலில் அவள் கிளாசை நீட்டினாள். விடவில்லை.

"சொல்லுங்கோ அம்மாட்ட. உங்களுக்குத்தான் எல்லாம் தெரியுமே."

"எப்பிடிச் சொல்லுறது? எனக்கு எப்பிடித் தெரியும் எண்டு கேப்பா. நாங்கள் கதைச்சது அம்மாவுக்குத் தெரியாதெல்லோ."

"கதைச்சனாங்கள் எண்டு சொல்லுங்கோ. களவோ அது?"

"நீங்கள் அம்மாவை அறியமாட்டியள் யதுர்ஷி. இப்ப ஒண்டும் சொல்லாதேங்கோ. பேந்து ஆறுதலாப் பாப்பம்."

"நான் உங்கட பெறாமகள் ஆன பிறகோ?"

அவன் தண்ணியைக் குடித்தான். முழுவதையும், அவசரமில்லாமல். கிளாசைத் திருப்பிக் கொடுத்து, "தாங்ஸ்," என்றான்.

அவள் கிளாசைக் கழுவினாள். கழுவின கிளாசை இன்னொரு தரம் கழுவினாள்.

ஹோலில் செல்வநாயகம் எழும்பி நின்றுவிட்டார். நிற்கும்போதுதான் அவருக்குப் பேச்சு வரும். ஒரு பக்கத்தில் மகள். மறுபக்கத்தில் வீடு, வம்சம், கோட்டுப் போட்ட பெரியப்பா. யோசிக்க அதிக நேரம் எடுக்கவில்லை.

"முறை பிழை எண்டால் பிழைதான்," என்றார். "எங்கட பண்பாடு, எங்கட ஒழுக்கம், இதுகளைக் காப்பாத்தத்தானே இவ்வளவு அழிவுக்குள்ளாலயும் நாங்கள் தப்பி வந்தனாங்கள். என்ர பிள்ளைக்கு இதைவிடப் பெரிய இழப்பு வந்தாலும் நான் வளையமாட்டன்."

கமலேஸ்வரி கண் கலங்கினா.

"கணபதியண்ணையின்ர அதே குணம். ரத்தம் எல்லோ," என்றவா கண்ணைத் துடைத்தா. "சரி மோனை, இரும்."

செல்வநாயகம் திடுக்கிட்டார். வந்ததிலிருந்து 'நீங்கள்' என்று மரியாதை கொடுத்த மனிசி, அவரைவிட நாலு வயது குறைந்தவா, பெற்ற பிள்ளையைக் கூப்பிடுவதுபோல் 'மோனை' என்கிறா.

"என்ன பாக்கிறீர்? முறைக்கு நான் உமக்குச் சின்னம்மா எல்லோ. அக்கா பூக்கா எண்டு கூப்பிட்டு முறையைக் கெடுக்கப்படாது. மருமகள், நீரும்தான்."

"ஓம் சின்னம்மா," என்றார் சமாதான நீதவான். வாயிலிருந்து அந்தச் சொல் கல்லுக் கடித்த சோறு மாதிரி வந்தது.

"இன்னொரு கதை. சொந்தப் பெறாமகன் இவ்வளவு பெரிய வீடு கட்டி வச்சிருக்கேக்க நாங்கள் ஏன் ஸ்ரேசனடி ஹொட்டலில கிடக்கவேணும்? பெட்டியளை எடுப்பிக்கிறன். திரும்பிக் கனடாவுக்குப் போகுமட்டும் இஞ்சதான். ஜெயந்தனுக்குப் பாக்க மல்லாவியிலயும் ஒரு பொம்பிளைப் பிள்ளை இருக்காம். சுதாஜினியோ என்னவோ பேர். தமையன் எண்ட முறையில நீர்தான் முன்னுக்கு நிண்டு பேசவேணும். அவையை நாளைக்கே இஞ்ச வரச் சொல்லுவம். ரவுன் வீடு, பாக்கவும் வடிவு." அவா குசினிப் பக்கம் திரும்பினா. "பிள்ளை, உமக்குக் கைப்பக்குவம் நல்லம். நாளைக்கும் இதே பற்றிஸ் போடும், என்ன?"

யதுர்ஷிகா வாசலில் நின்றாள். தாயைப் பார்த்தாள். நேசமலர் நிலத்தைப் பார்த்தாள்.

"சித்தப்பாவுக்கு இன்னும் கொஞ்சம் தேத்தண்ணி குடு பிள்ளை," என்றார் செல்வநாயகம், குரலை உயர்த்தி. நாடகம் நம்பும்படி இருக்கவேண்டுமே.

அவள் கொண்டுபோய் நீட்டினாள்.

"சித்தப்பா," என்றாள். "சீனி காணுமோ?"

ஜெயந்தன் தலையாட்டினான். முதல் தடவையாக அவன் முகம் சிவந்தது. பிறகு ஊதி ஊதிக் குடித்தான்.

"வாருங்கோ எல்லாரும், கணபதியண்ணைக்குக் கீழ நிண்டு ஒரு படம் எடுப்பம்," என்று கமலேஸ்வரி போனை யதுர்ஷிகாவிடம் நீட்டினா. "நீர் எடும். எடுத்து எங்கட குடும்பக் குறூப்பில போடும் பிள்ளை. எனக்கு அந்தப் பொத்தானுகள் பிடிபடாது."

"குறூப்போ?" என்றார் செல்வநாயகம்.

"உலகம் முழுக்க எங்கட ஆக்கள் இருக்கிற குறூப். கணபதியண்ணையின்ர மகன் ரஜிதனும் கிடக்கிறான், நோர்வேயில. காலமை வணக்கம் போடுறதோட சரி. உம்மட ஒண்டுவிட்ட தம்பியெல்லோ! உம்மைக் கண்டால் துள்ளுவான்."

கோட்டுப் போட்ட பெரியப்பாவின் கீழே செல்வநாயகம் நின்ற நிலையில், மாலை ஒன்றுதான் குறை.

"வேண்டாம் சின்னம்மா... இப்ப என்னத்துக்கு... வெளிச்சம் காணாது... பிள்ளை, வை அதை. வை எண்டு சொல்லுறன்."

"சிரியுங்கோ அப்பா," என்றாள் யதுர்ஷிகா.

படம் எடுத்தாள். நல்ல படம். சிவத்த பல்ப் கணபதியாரின் கன்னத்தில் விழுந்திருந்தது. அவர் ஒருவர்தான் அதில் நிம்மதியாக இருந்தார்.

"என்ன எழுத, அப்பம்மா?" என்று கேட்டாள். அந்தப் புது உறவுச் சொல்லைக் கேட்டுக் கமலேஸ்வரி குளிர்ந்து போனா.

"நடந்ததை எழுதும் பிள்ளை."

யதுர்ஷிகா எழுதினாள். ஒவ்வொரு சொல்லாக, வாய்விட்டு வாசித்தபடி, முன்பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிற அதே நிதானத்தில். "கணபதிப் பெரியப்பாவின் நினைவாக அப்பா சொந்தமாகக் கட்டிய வவுனியா வீட்டில், கனடாச் சொந்தங்களோடு."

"பிள்ளை," என்றார் செல்வநாயகம். இந்த முறை குரலில் கட்டளை இல்லை. "என்ர குஞ்செல்லோ."

அவள் அனுப்பினாள்.

கீழே சுமித்திரா கூடை நிறைய ஈர உடுப்போடு மேல்தட்டுக்குப் படியேறும் சத்தம் கேட்டது. கமலேஸ்வரி இன்னொரு பற்றிஸ் எடுத்தா. யதுர்ஷிகா மட்டும் போன் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்பா," என்றாள், திரையை அவர் பக்கம் திருப்பி. "ரஜிதன் சித்தப்பா ஏதோ எழுதிக்கொண்டிருக்கிறார்."